கையிடுக்கில் நிலா

விளக்கு ஏற்றும் திருநாளுக்கு இரண்டே நாள் பாக்கி. துங் ஹெலியாங் மேசையில் சிவப்புத் தாளை விரித்து, மையை அரைத்து, தூரிகையை நனைத்த நேரம் பார்த்து மருமகள் ருவேய் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். மூன்று மாதக் குழந்தை அவள் முதுகில் துணிக்கட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, புள்ளைக்கு அந்தப் பேரு வேண்டாம்."

பெரியவர் தலை நிமிரவில்லை. "எந்தப் பேரு?"

"'யெ'ன்னு ஆரம்பிக்கிற பேரு."

"அது நான் வைக்கிற பேரு இல்லம்மா. இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே வச்சாச்சு."

"வச்சவரு இந்த வீட்டுலயா புள்ள பெத்தாரு?"

தூரிகை நுனியிலிருந்து ஒரு சொட்டு மை தாளில் விழுந்து பரவியது. எழுபத்தோரு வயதில் அவரிடம் இந்தத் தொனியில் பேசியவர்களை அவர் விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் பெண் ஒருத்தியும் இல்லை. ருவேய் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய், அரிசி மதுப் பானையைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

துங் குலத்தில் யாரும் தன் பிள்ளைக்குத் தானாகப் பெயர் வைப்பதில்லை. ஏழு தலைமுறைக்கு முன் தேர்வில் வென்று பதவிக்குப் போன மூதாதை ஒருவர் இருபது எழுத்தில் ஒரு பாட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். தலைமுறைக்கு ஓர் எழுத்து. அதைத் தலையில் சுமந்துதான் ஒவ்வொரு பெயரும் வரவேண்டும். ஹெலியாங்கின் தலைமுறைக்கு 'ஹெ'. அவர் மகன் சூயுவானின் தலைமுறைக்கு 'சூ', விடியல். பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்கு 'யெ', இரவு. அந்த இரண்டு எழுத்தையும் மூதாதை சும்மா எடுத்துப் போடவில்லை. மூவாயிரம் ஆண்டுக்கு முன் வெண்கலப் பூசைப் பாத்திரங்களில் வார்த்த சொற்கள் அவை. விடியலிலும் இரவிலும் என் கடமையில் சோர மாட்டேன் என்று அந்தக் காலத்துப் பிரபுக்கள் முன்னோர் முன் வாக்குக் கொடுத்த சொற்கள். ஒரு தலைமுறை விடியலாகவும் அடுத்தது இரவாகவும் நின்று அந்த வாக்கை முடிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

பழைய வம்ச ஏடு பதினோரு தொகுதி. பழைமையை ஒழிக்கிறோம் என்று ஏடு, காகிதத்தையெல்லாம் தெருவில் குவித்துக் கொளுத்திய வருடத்தில் ஹெலியாங்கும் அவர் தகப்பனாரும் அவற்றை எண்ணெய்த் துணியில் சுற்றி, பன்றித் தொழுவத்துச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். அந்த ஒரு காரியத்தால்தான் இன்று ஏட்டைப் புதிதாக எழுதும் தூரிகை அவர் கையில் இருக்கிறது. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டிய ஏடு, அறுபது ஆண்டுக்குப் பிறகு இப்போதுதான் முடியப்போகிறது. முதல் மாதம் பதின்மூன்றாம் நாள், போன வருடம் ஆண்பிள்ளை பெற்ற வீடுகள் குல மண்டபத்தில் மூங்கிலும் தாளும் கொண்டு கட்டிய விளக்கைக் கயிற்றில் தூக்கும். விளக்கில் எழுதிய பெயர் அங்கேயே எல்லோர் முன்னாலும் ஏட்டில் ஏறும். பதினான்காம் நாள் ஏடு தைப்பவன் வண்டியோடு வந்து அதைத் தைத்துக் கட்டக் கொண்டுபோய்விடுவான். அதற்குள் பேரன் பெயர் ஏறாவிட்டால் சூயுவானின் பெயருக்குக் கீழே 'கிளை நின்றது' என்று பதிவாகும். ஏட்டைக் காத்த வீட்டின் கிளை!

எழுத்தைப் பார்த்துத்தான் மருமகள் பயப்படுகிறாள் என்று அவர் நினைத்தார். ஊரிலும் கேலி பேசுகிறவர்கள் உண்டு. அவருடைய சிற்றப்பா மகன் ஹெபூ கொதிக்கிற கஞ்சி மாதிரி வாயிலிருந்து பேச்சு வழிகிற ஆள். "அண்ணே, இரவுன்னு பேரு வச்சா பள்ளிக்கூடத்துல பசங்க ராத்திரி மூத்திரச் சட்டின்னுதான் கூப்பிடுவாங்க" என்று போன மாதம் மண்டபத்தில் வைத்தே சொன்னான். நாலு பேர் சிரித்தார்கள். ஹெலியாங் சிரிக்கவில்லை.

சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் கிண்ணங்களை ஒதுக்கச் சொல்லிவிட்டு ஒரு தாளை விரித்தார். மகன் சூயுவான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவனும் உட்கார்ந்தான்.

"இங்க பாரு. இதுதான் 'யெ'வோட பழைய உருவம்." கை கால் விரித்து நிற்கும் ஒரு மனிதனை நாலு கோட்டில் இழுத்தார். "நிக்கிற ஆளு. இந்தப் பக்கம் கையிடுக்குல ஒரு புள்ளி. அந்தப் பக்கம் கையிடுக்குல பிறை நிலா." பக்கத்தில் இன்னொன்று வரைந்தார். "இது 'சூ'. உன் புருஷன் பேருல இருக்கறது. முழங்கால் போட்டுக் கைய நீட்டியிருக்கான், முன்னால நிலா. நிலா மறையறதுக்குள்ளயே வேலைக்கு உக்காந்துட்டான். அதனால விடியல். ரெண்டுலயும் அதே நிலாதான். இதுல எங்கம்மா கெட்டது இருக்கு?"

"அப்பா, நிக்கிற ஆளு எழுத்தோட உச்சரிப்பக் காட்ட மட்டும் வச்சதுன்னும் சொல்றாங்க. அர்த்தம் நிலாவுல மட்டும்தானாம்" என்றான் சூயுவான்.

"யாரு சொல்றாங்க?"

"படிச்சவங்க."

"அவங்க குலத்துக்குப் போய்ச் சொல்லச் சொல்லு."

ருவேய் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். ஈரக்கையின் ஒரு விரலைக் கையிடுக்கு நிலாவின்மேல் வைத்தாள்.

"இந்த ஆள எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன?"

"ரெண்டு வருஷம் முன்னாடி, உறைபனி மாசத்துல பாத்திருக்கேன். விடியறதுக்கு முன்னாடி பின்வாசல் வழியா மலைப்பக்கம் போனாரு. கையிடுக்குல ஒரு சின்னப் பாய்ச் சுருட்டு. மருத்துவச்சி ஜன்னலச் சாத்தறதுக்குள்ள பாத்துட்டேன். நிலா இருந்துச்சு. அதனாலதான் யாருன்னு தெரிஞ்சுது."

சூயுவான் எழுந்து விளக்குத் திரியைத் தூண்டப் போனான். அது நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

"ருவேய்," என்றார் பெரியவர், "அதப் பேசவேண்டாம்."

"ரெண்டு வருஷமா பேசலியே மாமா. அவன் பொறந்ததும் நீங்கதான ஓடி வந்து சிவப்புத் தாள்ல எழுதி என் தலைமாட்டுச் சுவத்துல ஒட்டினீங்க? துங் யெமிங். எனக்கு எழுத்துத் தெரியும். அத வாசிச்சுக்கிட்டேதான் பால் குடுத்தேன். காலையில அவனும் இல்ல, தாளும் இல்ல. செத்துப் பொறந்ததுன்னு ஊருக்குச் சொல்லிட்டீங்க. அவன் அழுதான் மாமா. நல்லா சத்தமா அழுதான்."

முதுகிலிருந்த குழந்தை ஒருமுறை சிணுங்கிவிட்டு மறுபடி தூங்கியது.

"மொதல்ல அவன ஏட்டுல எழுதுங்க. அப்புறம் இவனுக்கு யெ போடுங்க, என்ன வேணா போடுங்க. அதுவரைக்கும் இவன் பேரு நாய்க்குட்டி."

அன்று படுக்கையில் ஹெலியாங் அந்தத் தாளைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தார். பிறந்து ஒரு மாதம் முடியும்வரை பெயர் வைக்கக்கூடாது என்பது குல விதி. மாதம் முடியாமல் போகிற பிள்ளை ஏட்டில் ஏறாது. அந்த விதியை மண்டபத்தில் எத்தனையோ தடவை உரக்க வாசித்தவர் அவர். ஆனால் 'யெ' தலைமுறையில் ஏட்டில் ஏறப்போகும் முதல் ஆண்பிள்ளை தன் வீட்டில் பிறந்துவிட்டது என்று கேட்ட அந்தக் கணத்தில் விதி மறந்துபோயிற்று. வேறு எந்த வீடும் முந்திக்கொள்ளக்கூடாது என்று ஓடிப்போய் எழுதிவிட்டார். பிள்ளை கோழி கூவுமுன் போய்விட்டது. தலைமுறையின் முதல் பெயரே சாவில் தொடங்கியது என்று வந்துவிடும், விதியைக் காப்பவனே விதியை மீறினான் என்றும் வந்துவிடும். தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். சின்னப் பாயில் சுற்றிய பிள்ளையைத் தானே எடுத்துப் போனார். அப்படிப்பட்ட பிள்ளையைத் தகப்பன் தூக்கக்கூடாது, சடங்கு கிடையாது, கல் கிடையாது.

இதில் இன்னொன்றும் இருந்தது. அதற்கும் மூன்று வருடம் முன்னால் ஹெபூவின் பேரன் பத்தொன்பது நாள் உயிரோடு இருந்து இறந்தான். ஹெபூ வந்து, "அண்ணே, பத்தொன்பது நாள்ணே. சிரிக்கக்கூடச் சிரிச்சான். ஓரமா ஒரு வரி எழுதிடுங்க" என்று கேட்டான். ஹெலியாங் எழுந்து நின்று விதியை வாசித்துக் காட்டினார். "இன்னிக்கு உனக்கு ஒரு வரி வளைச்சா, நாளைக்கு ஏடு முழுக்க வளைஞ்சிடும்" என்றார். ஹெபூ தலையாட்டிவிட்டுப் போனான். அவன் மருமகள் அதே வருடம் கடலோர நகரத்துச் செருப்புத் தொழிற்சாலைக்குப் போனவள் திரும்பவில்லை. மகனும் பின்னாலேயே போய்விட்டான். வருடா வருடம் விளக்குத் திருநாளுக்கு மூங்கில் வளைத்துக் கட்டுவது ஹெபூதான். அவன் பேரன் பெயரில் விளக்கு ஏறியதில்லை.

மறுநாள் ஹெலியாங் மண்டபத்துக்குப் போனபோது ஹெபூ தரையில் உட்கார்ந்து மூங்கில் கீற்றுகளை நெருப்பில் காட்டி வளைத்துக்கொண்டிருந்தான். உதட்டில் பாதி சிகரெட்.

"வாங்கண்ணே. நாலு விளக்கு. உங்க வீட்டுதுக்கு மட்டும் எட்டு மூலை வச்சிருக்கேன். பெரிய வீட்டுப் புள்ளையாச்சே!"

"எல்லாருக்கும் போல கட்டு."

"ஏண்ணே மூஞ்சி அழுகின முட்டகோசு மாதிரி இருக்கு? மருமக சோறு போடலியா?"

"ஹெபூ..."

"சொல்லுங்க."

ஹெலியாங் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். முன்னோர் பலகைகளுக்கு மேல் ஒட்டடை இருப்பது கண்ணில் பட்டது. "அந்த ஒட்டடையத் தட்டச் சொல்லு" என்றார்.

"அது நேத்தே தட்டியாச்சு. நீங்க பாக்கறது கீறல்" என்றான் ஹெபூ, மூங்கிலை வாயால் ஊதிக்கொண்டே.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவோடு மேசையில் உட்கார்ந்தார். ஏட்டு விஷயத்தில் மருமகளைக் கேட்கும் வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது. தூரிகை அவருடையது, எழுத்து முன்னோருடையது. விளக்கில் ஒட்டும் சிவப்புத் தாளில் நேராக எழுதினார்: 'துங் சூயுவானின் மூத்த மகன், யெசெங்.' எழுத்துகள் நன்றாகவே வந்தன. 'மூத்த' என்ற இடத்தில்கூடக் கை நடுங்கவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பொய் எழுதும்போது கொஞ்சமாவது கோணும் என்று இந்தக் கையைப் பற்றி நம்பியிருந்தார்.

பதின்மூன்றாம் நாள் காலை வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியதும் சூயுவானைக் கூப்பிட்டு, ஹெபூ கட்டி அனுப்பியிருந்த விளக்கைத் தாள் ஒட்டிக் காட்டினார். தகப்பன்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். சூயுவான் தாளை வாசித்தான். மறுபடி வாசித்தான்.

"மூத்த மகனா, அப்பா?"

"ஏட்டுல அப்படித்தான்."

"நான் தூக்கலப்பா."

"என்னடா சொன்ன?"

"அன்னிக்கு நீங்க சொன்னீங்கன்னு நான் அறைக்குள்ளயே இருந்தேன். அவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லல. என் புள்ளைய யாரோ எடுத்துட்டுப் போறாங்க, நான் சுவத்தப் பாத்துட்டு நின்னேன். இன்னைக்கும் நிக்கச் சொல்றீங்க." அவன் குரல் உயரவில்லை. வகுப்பில் பாடம் சொல்வதுபோலத்தான் இருந்தது. "என்னால முடியல."

ஹெலியாங் தன் வாழ்நாளில் மகனை ஒரே ஒரு முறைதான் அடித்திருக்கிறார். இப்போது கை எழுந்தது. எழுந்த கையைக் கொண்டுபோய்த் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, விளக்கை அப்படியே விட்டுவிட்டு, தூரிகைப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாக மண்டபத்துக்கு நடந்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. வெடிப்புகையும் இஞ்சிக்கோழி வாசனையும் கலந்து அடித்தது. முதல் விளக்கு ஏறியது, பெயரை ஏட்டில் எழுதினார். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் கயிற்றை இழுத்தவன் ஹெபூ. நாலாவது கொக்கி வெறுமனே தொங்கியது.

"அண்ணே, எட்டு மூலை எங்க?" என்று மேலே பார்த்துக்கொண்டே கேட்டான் ஹெபூ. "தூக்க முடியாம வழியில ஒக்காந்துட்டானா வாத்தியாரு?"

சிரிப்பு எழுந்தது. ஹெலியாங் வாசலைப் பார்த்தார். ருவேய் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தாள். பக்கத்தில் சூயுவான். கையில் விளக்கு இல்லை.

அப்போதும் அவருக்கு வழி இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், விளக்கு பிறகு வரும் என்று சொல்லிவிட்டு ஏட்டில் அந்த ஒரு வரியை எழுதி மூடியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் சொன்னால் அந்த ஊரில் அதுதான் ஏடு.

ஏட்டைத் திருப்பி மகனின் பெயர் இருந்த பக்கத்தை எடுத்தார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார். "என் மகன் சூயுவானுக்கு இது ரெண்டாவது ஆண்பிள்ளை. மொதப் பிள்ளை உறைபனி மாசத்துல பொறந்தான். செத்துப் பொறந்ததா நான் சொன்னது பொய். உயிரோட பொறந்தான். ஒரு ராத்திரி இருந்தான். மாசம் முடியறதுக்கு முன்னாடி விதிய மீறி அவனுக்குப் பேரு வச்சது நான். அந்தப் பேர அடுப்புல போட்டதும் நான்."

வெளியே யாரோ பற்றவைத்த வெடிச்சரம் கடைசிவரை வெடித்து முடிந்தது. ஹெலியாங் தூரிகையை நனைத்து, கறுப்பு மையில், 'மூத்த மகன், யெமிங், பிறந்த இரவிலேயே மறைந்தான்' என்று எழுதினார். எழுதிவிட்டு வாசலைப் பார்த்தபோது ருவேய் அழவில்லை. ஒரு காலை வாசற்படிக்கு உள்ளே எடுத்து வைத்திருந்தாள்.

"இவன் பேரச் சொல்லும்மா" என்றார்.

"யெசெங்" என்றாள். அவர் தேர்ந்தெடுத்த பெயர்தான். தாளில் பார்த்திருக்கவேண்டும்.

'இரண்டாம் மகன், யெசெங்.' மை காயுமுன் கூட்டத்தில் முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. "அப்ப விதி?" என்றது ஒரு குரல். "அவங்க வீட்டுக்குன்னா ஒரு விதி" என்றது இன்னொன்று. ஹெலியாங் அந்தக் குரல்களுக்குத் திரும்பவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நின்ற ஹெபூவைத்தான் பார்த்தார். அவன் முகத்தில் எப்போதும் இருக்கும் சிரிப்பு இல்லை. அது இல்லாமல் அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. யாரோ அந்நியன் மாதிரி இருந்தான்.

"ஹெபூ. இங்க வா. உன் பேரன எழுதறேன். பத்தொன்பது நாள்."

ஹெபூ கயிற்றைத் தூணில் நிதானமாகக் கட்டினான். மேசைவரை வந்தான்.

"என்ன எழுதுவீங்க?"

"பேரச் சொல்லு."

"பேரு ஏதுண்ணே?" என்றான் ஹெபூ. "நீங்க ஏட்டுல ஏறாதுன்னு சொல்லிட்டீங்க. ஏட்டுல ஏறாத புள்ளைக்குப் பேரு எதுக்குன்னு நாங்க வைக்கவே இல்ல. நாங்க விதிய மீறலண்ணே."

ஹெலியாங்கின் தூரிகை காகிதத்துக்கு மேல் நின்றது.

"இப்ப வை. நீயே வை."

"நான் யாரு வைக்க? அவன் அம்மா அவனத் தனியா ஏதோ சொல்லிக் கூப்பிடுவா. வாய்க்குள்ள, மெதுவா. எனக்குச் சரியாக் காதுல விழாது." ஹெபூ தன் சட்டைப் பையில் சிகரெட்டைத் தேடினான். கிடைக்கவில்லை. "அவ வேற எடத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு கேள்வி. என் பையன் இன்னும் அந்த ஊர்லதான் இருக்கான். அவன் போன் நம்பரச் சந்தையூர்த் தபாலாபீசுல எழுதி வச்சிருக்கேன்."

"போய்க் கேட்டுட்டு வா."

"எடுப்பானான்னு தெரியாது. எடுத்தாலும் அவளுக்குச் சொல்லணும். சொன்னாலும் அவ சொல்லணும்."

"நான் காத்திருக்கேன்."

"நாளைக்குத் தைக்கிறவன் வருவான்."

"வரட்டும்."

ஹெபூ அவரை ஒரு கணம் பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததாக ஹெலியாங் பின்னால் தன்னை ஏமாற்றிக்கொள்ள முயலவில்லை. பிறகு அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, ருவேயைத் தாண்டி, சந்தையூருக்குப் போகும் பாதையில் இறங்கினான். போக ஒரு மணி நேரம். வர ஒரு மணி நேரம். நடுவில் எவ்வளவோ.

இஞ்சிக்கோழியைப் பரிமாறத் தொடங்கினார்கள். அவருக்குக் கிண்ணம் கொண்டுவந்து வைக்க வழக்கம்போல யாரும் ஓடி வரவில்லை. குலத்தின் நான்கு மூத்தவர்கள் ஓரமாகக் கூடி, தலையை ஒன்றாகச் சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். தூரிகை இனி யார் கையில் என்பதுதான் பேச்சு என்று அவருக்குத் தெரியும். நாளைக் காலைவரை அது தன் கையில் இருந்தால் போதும். ஹெபூவின் மகன் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விட்டு, பக்கத்தின் இரு ஓரத்திலும் கல்லை வைத்தார். மைக்கல்லில் ஈரம் வற்றத் தொடங்கியிருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, மறுபடி மெல்ல அரைக்க ஆரம்பித்தார்.